சத்தம் போடாத புல் மிஷின்

786

உத்திரமேரூர்
18.12.2008, வியாழன்

அன்பு மகன் ஜாசிமுக்கு அம்மா வகிதா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கருணையால் நானும் உன் அத்தாவும் இங்கே குறையில்லாமல் இருக்கிறோம், தோஹாவில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று தொழுகையில் கை ஏந்தும்போதெல்லாம் உன் பெயரைத்தான் முதலில் சொல்கிறேன். வெள்ளிக்கிழமைதானே போனில் பேசினோம், அதற்குள் எதற்குக் கடிதம் என்று உனக்குத் தோன்றும். போனில் சொல்ல முடியாத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. வேலை முடிந்து வந்து குளித்துவிட்டு, அறையில் மற்றவர்கள் டிவி பார்க்கிற நேரமாகப் பார்த்து, ஒரு ஓரமாக உட்கார்ந்து கடைசி வரி வரை படி. ஜனவரி பதினைந்துக்குள் கையெழுத்துப் போட வேண்டும் என்று சொன்னாயே, அந்த இரண்டு வருஷக் கான்ட்ராக்ட், இதைப் படித்து முடிக்கும்வரை அதைத் தொடாதே. “லீவும் வேண்டாம், ஊரும் வேண்டாம், என்னோடு பேச அத்தாவுக்கு நாலு வார்த்தை இல்லாதபோது நான் வந்து யாரைப் பார்க்கணும்” என்று நீ கேட்டது அன்றிலிருந்து என் காதை விட்டுப் போகவில்லை.

முதலில் வீட்டுச் செய்தி. போன மாதப் புயல் மழையில் ஏரி நிரம்பிவிட்டது. விடிகாலையில் பின்கதவைத் திறந்தால் கரை எது தண்ணீர் எது என்று தெரியாமல் பனி மூடியிருக்கிறது, அதற்கு இந்தப் பக்கம் நீ நட்ட புல் மட்டும் பச்சையாக, யாரோ விரித்துவிட்டு எடுக்க மறந்துபோன பாய் மாதிரி கிடக்கிறது. லீவில் வந்தபோது செங்கல்பட்டுப் பக்கத்து நர்சரியிலிருந்து வாங்கி வந்து, துண்டு துண்டாகக் கிள்ளி, நாலு நாள் குந்தி உட்கார்ந்து நட்டாயே, அதே புல்தான். ஒரு மாடுகூட இல்லாத வீட்டில் யாருக்குடா புல்லு என்று அத்தா கேட்டதையும் நீ முகத்தைத் திருப்பிக்கொண்டதையும் நான் மறக்கவில்லை. ஆனால் நீ போன மறுமாதமே பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு பெட்ரோல் புல் மிஷினை வாங்கி வந்து, பிரித்துக் கழுவிப் பூட்டி ஓடவைத்து, அன்றிலிருந்து ஒரு ஞாயிறு தவறாமல் அந்தப் புல்லை அவர்தான் வெட்டுகிறார். வாரை தோளில் மாட்டிக்கொண்டு புகைக்கு நடுவே அவர் நடந்தால் ஏரிக்கரை வரை சத்தம் போகும், கொக்கெல்லாம் எழுந்து பறந்துவிடும். வெட்டின புல்லைப் பக்கத்துத் தெரு அம்முலு ஆட்டுக்கு எடுத்துப்போவாள், பெட்ரோல் நாற்றத்துக்கு ஆடுகள் முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடுமாம். இதை ஏன் உனக்குச் சொல்லவில்லை என்று கேட்டால், அவரே ஒருநாள் உன்னிடம் சொல்லுவார், அது அவர் சொல்ல வேண்டியது என்று நினைத்திருந்தேன். எனக்குத்தான் எதையும் மூடியே வைத்துப் பழக்கமாயிற்றே.

பக்ரீத்துக்கு லீவில் வந்த உன் கூட்டாளி அசீம் நீ கொடுத்தனுப்பிய பெட்டியைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்துவிட்டான், தங்கமான பிள்ளை, நான் கொடுத்த பிரியாணியை வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே மூன்று தட்டு சாப்பிட்டான். பேட்டரி புல் மிஷின் பூப்போல இருக்கிறது, ஒற்றைக் கையால் தூக்கினேன். அத்தா புல் வெட்டுவது ஊரிலிருந்து வந்த யாரோ சொல்லி உனக்குத் தெரிந்துவிட்டதாம், நீ தோட்ட வேலை பார்க்கிற வில்லாக்களில் பெரிய மிஷினெல்லாம் இப்போது பேட்டரிக்கு மாறிவருகிறது, அத்தா இனிமேல் புகையில் நிற்க வேண்டாம் என்று நீ சொல்லியனுப்பியதையும் சொன்னான். பிளக்கின் தட்டைக் கால்கள் நம் ஊர் பாயிண்டில் நுழையவில்லை, அத்தாவே வெட்டி வேறு பிளக் மாட்டினார். காலையில் இரண்டு மணி நேரம் கரண்ட் போய்விடுகிறது, அதனால் மத்தியானம் சார்ஜில் போட்டுவிட்டு, சிவப்பு விளக்கு பச்சையாகிற வரை எதிரில் உட்கார்ந்து நூலகத்துப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தேன், எத்தனை பக்கம் புரட்டினேனோ, ஒன்றும் மனதில் ஏறவில்லை, நீ எங்கேயோ மணலுக்கு நடுவில் புல்லுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருப்பதுதான் கண்ணில் ஓடியது. அந்த வெள்ளிக்கிழமைதான் நீ போன் செய்து மிஷின் எப்படி இருக்கிறது அத்தா என்று கேட்டாய். அவர் வழக்கம்போல ஆங், சரி சரி, அம்மாகிட்ட பேசு என்று போனை என் கையில் திணித்துவிட்டு எழுந்துபோனார். அதற்குப் பிறகு நீ சொன்னதுதான் எல்லாம். இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை, அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. என் கோபம் சத்தமில்லாத கோபம், அவருக்கு எப்படி வித்தியாசம் தெரியும் என்று இப்போது சிரிப்பு வருகிறது, சிரித்து முடித்ததும் கண்ணில் நீர் வருகிறது.

ஞாயிறு சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு மிஷினை எடுத்துக்கொண்டு புல்லுக்குப் போனார். நான் பின்கதவு ஓரம் துணி மடித்துக்கொண்டிருந்தேன். சுவிட்சை அழுத்தினார், மிஷின் ஓடியது. தேனீ ஒன்று சுற்றுவது போல மெல்லிய சத்தம், பத்தடி தள்ளி எனக்குத் தெளிவாகக் கேட்டது. சுற்றுகிற மெல்லிய நரம்பு கண்ணுக்குத் தெரியவில்லை, பழைய மிஷின் மாதிரி அது கையை உதறவும் இல்லை. அவர் விட்டார், மறுபடி அழுத்தினார், தலையை ஆட்டினார். பிறகு அதைத் தலைகீழாக முழங்காலில் சாய்த்து, சுவிட்சை அழுத்தியபடியே, பட்டறையில் இன்ஜினுக்குச் செய்வாரே, அதே மாதிரி கண்ணை மூடிக்கொண்டு காதை மோட்டார் பக்கத்தில் வைத்துக் கேட்டார். பாடுகிற பொருளுக்குப் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டு அந்த மனிதர் காத்திருந்ததை நான் உயிர் உள்ளவரை மறக்க மாட்டேன் ஜாசிம். நிமிர்ந்து என்னைப் பார்த்து, “ஓடலயே வகிதா, வர்ற வழியிலயே செத்துப்போச்சு போல கீது” என்றார். சொல்லிக்கொண்டே, சுவிட்சிலிருந்து விரலை எடுக்காமல், உள்ளே என்ன மாட்டிக்கொண்டது என்று பார்க்க இடது கையை அடியில் விட்டார். நான் கத்தினேன். நான் அப்படிக் கத்தி நீ கேட்டிருக்க மாட்டாய், அவரும் கேட்கவில்லை. பயப்படாதே, நைலான் நரம்புதானே, இரும்புத் தகடு இல்லையே, இரண்டு விரலில் தோல் கிழிந்து ரத்தம் வந்தது, அவ்வளவுதான், தையல் தேவைப்படவில்லை, ஆறிவருகிறது.

விரலில் துணி சுற்றி முடித்ததும் அவர் பின்னால் போய் நின்று, என்னங்க, எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன். அவர் பாட்டுக்குத் துணி முடிச்சைச் சரிசெய்துகொண்டிருந்தார். முன்னால் வந்து முகத்துக்கு நேராகக் கேட்டேன். தலை குனிந்துகொண்டார். அப்போது ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. திருமுக்கூடல் பெருமாள் தன் ஆயில் இன்ஜினை மூன்றாவது தடவையாகக் கொண்டுவந்து இறக்கி, “டிக்கு டிக்குனு இன்னும் அடிச்சிக்கினுதான் கீது பாய், புள்ள ஃபாரின் போனதிலேர்ந்து நம்ம இன்ஜின் சத்தம் உங்க காதுல ஏற மாட்டேங்குதா” என்று கிண்டல் செய்தானாம், அதை வீட்டில் வந்து சொல்லிவிட்டு, இன்ஜினில் ஒரு சத்தமும் இல்லை, அவன் காசு குறைக்கப் பார்க்கிறான் என்று அத்தா சண்டைக்கு நின்றார். நான் பிடிவாதம் என்று நினைத்தேன். நீ போன் செய்யும்போதெல்லாம் ஆசையாக முதலில் வாங்கிக் காதில் வைப்பார், கொஞ்ச நேரம் முகம் வெளிச்சமாக இருக்கும், பிறகு அணைந்துபோகும், உடனே என்னிடம் கொடுத்துவிடுவார். நான் அதைக் கோபம் என்று நினைத்தேன். நீயும் அப்படித்தான் நினைத்திருக்கிறாய்.

செவ்வாய்க்கிழமை காஞ்சிபுரத்தில் காது டாக்டரிடம் கூட்டிப்போனேன். இருபத்தைந்து வருஷ இன்ஜின் சத்தம் தின்றுவிட்டது என்றார். கனமான சத்தம் காதில் விழுமாம், மெல்லிய சத்தம் முதலில் போய்விடுமாம், எதிரில் நின்று பேசினால் வாயசைவைப் பார்த்துச் சமாளித்துவிடுவாராம், போன் குரலில்தான் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லையாம். ஜனவரியில் காது மிஷின் பொருத்தலாம், ஓரளவு பிரயோஜனம் இருக்கும், பழைய காது திரும்பாது. பஸ்ஸில் வரும்போது அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “காத வெச்சு சம்பாதிச்சவன் வகிதா நான், காது இல்லனு தெரிஞ்சா எவன் இன்ஜின எட்தாந்து எறக்குவான்” என்றார். உன்னிடம் சொல்லக்கூடாது என்று கையில் அடித்து வாக்கு வாங்கிக்கொண்டார். ராஜகுளம் தாண்டும்போது தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். திடீரென்று திரும்பி, “அன்னிக்கி இன்னா சொன்னான் அவன்?” என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. “லீவு முடிஞ்சி போறப்ப. பஸ்ல ஒக்காந்துகினு ஜன்னல் வழியா எங்கிட்ட ஏதோ கேட்டான். வாய் அசஞ்சுது. வண்டி சத்தத்துல ஒண்ணும் வெளங்கல, திரும்பக் கேக்க வெக்கமா பூட்ச்சு, டயரப் பாக்கற மாரி திரும்பிக்கினேன். இன்னா கேட்டான்?”

எனக்குத் தெரியாதே கண்ணு. நான் தண்ணீர் பாட்டில் வாங்கக் கடைப்பக்கம் போயிருந்தேன். “நான் கேட்டதற்கு அவர் பதில்கூடச் சொல்லவில்லை” என்று நீ ஒருமுறை போனில் சொன்னது அன்றைக்குத்தான் என்பது மட்டும் இப்போது புரிகிறது. நீ கேட்டதையே நினைத்து நீ அங்கே புழுங்கியிருக்கிறாய், நீ என்ன கேட்டாய் என்று நினைத்து அவர் இங்கே ஞாயிற்றுக்கிழமைதோறும் புல் வெட்டியிருக்கிறார்.

நேற்று விடியலில் அவர் கையில் கட்டு இருப்பதால் நான்தான் உன் மிஷினை எடுத்துப் புல் வெட்டினேன். நம் வீட்டுப் பெண் இப்படி நின்று புல் வெட்டி யாரும் பார்த்ததில்லை, பனியில் யாருக்கும் தெரியவும் இல்லை. பெட்ரோல் மிஷின் ஓடும்போது இந்த இடத்தில் வேறு எதுவும் இருந்ததாகவே எனக்குத் தெரியாது. இப்போது தண்ணீரில் மீன் புரளுவது கேட்டது, தென்னை ஓலையிலிருந்து பனி சொட்டுவது கேட்டது, ஒரு கொக்குகூட எழுந்து போகவில்லை. அவர் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கேட்கிற இத்தனையும் இல்லாமல், நான் மட்டும் புகை மாதிரி முன்னும் பின்னும் நகர்வது அவருக்கு எப்படித் தெரிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பாதியில் மிஷினை நிறுத்திவிட்டு நானும் கொஞ்ச நேரம் காதைப் பொத்திக்கொண்டு நின்றேன். பயமாக இல்லை ஜாசிம், ஆனால் ரொம்பத் தனியாக இருந்தது. அம்முலு வந்து வாரிப்போன புல்லை ஆடுகள் முட்டிமோதித் தின்றனவாம், பெட்ரோல் வாசனையே இல்லையே பாயம்மா, இன்னா மருந்து போட்டீங்க என்று கேட்கிறாள்.

கொடுத்த வாக்கை மீறி இதை எழுதுகிறேன், அந்தப் பாவம் என்னோடு போகட்டும். போனிலேயே சொல்லியிருக்கலாம், பக்கத்தில் அவர் உட்கார்ந்திருந்தாலும் அவருக்குக் கேட்காது. அது தெரிந்துகொண்டே அவர் எதிரில் அவரைப் பற்றிப் பேச எனக்கு மனம் வரவில்லை. நீ அவருக்குச் செல்போனில் செய்தி அனுப்பலாம் என்றால் அதில் தமிழ் வராது, அவருக்கு இங்கிலீஷ் வராது. ஆனால் காகிதத்தில் தமிழ் எழுதினால் அவர் எழுத்துக்கூட்டாமல் படிப்பார். நீ காதைப் பற்றி ஒரு சொல்லும் எழுத வேண்டாம், காது மிஷினைப் பற்றியும் வேண்டாம். அன்றைக்கு ஜன்னலில் சாய்ந்து என்ன கேட்டாயோ, அதை மட்டும் எழுது. திட்டியிருந்தாலும் அப்படியே எழுது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அவர் வந்து நின்றார். அடுத்தவர் கடிதத்தை எட்டிப்பார்க்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது, உனக்கா என்று மட்டும் கேட்டார். தலையாட்டினேன். மிஷின் ஷோக்கா கீது, சத்தமே இல்ல, அது ஒண்ணுதான் கொறனு எழுது என்றார். எழுதிவிட்டேன்.

வெயிலில் தொப்பி இல்லாமல் நிற்காதே, வேளைக்குச் சாப்பிடு, அசீம் ஜனவரி மூன்றாம் தேதி கிளம்புகிறான், அவனிடமே இதைக் கொடுத்தனுப்புகிறேன், ஊறுகாயும் வருகிறது. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் நிம்மதியும் தந்து, எங்கள் கண்ணெதிரே உன்னைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். இத்துடன் ஒரு வெள்ளைத் தாளும், விலாசத்தில் அத்தா பெயர் எழுதின உறையும் மடித்து வைத்திருக்கிறேன். கம்பெனித் தாளில் கையெழுத்துப் போடுவதா வேண்டாமா என்று பிறகு யோசி ராஜா, முதலில் இந்தத் தாளில் எழுது, கொஞ்சம் பெரிய எழுத்தாக.

என்றும் உனக்காக துஆ செய்யும்
அம்மா
கா. வகிதா