சம்பந்தியம்மாவுக்கு வடிகால் விவரம்

கச்சிராயபாளையம்
5.11.2025

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மா விஜயலட்சுமி அவர்களுக்கு,

காசிநாதன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் தங்கமணியும் நலம். அங்கு தாங்களும் சம்பந்தி ஐயாவும், மாப்பிள்ளை தமிழரசனும், ஒன்பதாம் மாதம் நடக்கும் எங்கள் மகள் கோகிலவாணியும் நலமாக இருக்க வேண்டும். போன் செய்தால் தாங்கள் குளிப்பதாகச் சொல்கிறார்கள். மழைக்காலத்தில் மூன்று வேளையும் குளித்தால் சளி பிடிக்குமே என்று, இனிப் போன் செய்து தொந்தரவு தராமல் கடிதமாக எழுதுகிறேன்.

ஆவணியில் வளைகாப்பு முடிந்து, பிரசவத்துக்காக மகளை எங்கள் வீட்டில் விட நீங்களே வந்தீர்கள். அன்று பார்த்து கல்வராயன் மலையில் மழை. மலைத்தண்ணீர் வீட்டைச் சுற்றிக்கொண்டு வந்து வாசலில் நின்றது. காரைவிட்டு இறங்கிய தாங்கள் வழுக்கி விழுந்தீர்கள். "தண்ணி நிக்கிற வூட்ல புள்ளத்தாச்சிப் பொண்ண வுட்டுட்டுப் போவ மாட்டேன்" என்று, சேற்றுப் புடவையோடு அவளை அதே காரில் ஏற்றிக்கொண்டு திருநாவலூர் திரும்பிவிட்டீர்கள். சொன்னது நியாயம். மறுநாளே மண்வெட்டியை எடுத்தேன்.

முதலில் தங்கள் தம்பி தீனதயாளன் சொன்னபடி, வாஸ்து பார்த்து ஈசானிய மூலை வழியாகத் தண்ணீர் வடியக் காவா கட்டினோம். அவர் விஷயம் தெரிந்தவர், குறை சொல்ல மாட்டேன். எங்கள் நிலம்தான் வாஸ்து தெரியாமல் தென்கிழக்கே சரிந்து கிடக்கிறது. ஈசானியத்துக்குப் போன தண்ணீர் கொஞ்ச நேரம் அங்கே நின்று யோசித்தது. பிறகு திரும்பி வந்து அக்னி மூலையில் இருக்கும் எங்கள் சமையலறைக்குள் நுழைந்தது. கேஸ் சிலிண்டரைக் கட்டிலில் ஏற்றிவிட்டு நாங்கள் தரையில் நின்றோம். கொத்தனார் அய்யனார், "தண்ணிக்கு இன்னாங்க வாஸ்து தெரியும்? அது பள்ளத்தப் பாத்துக்கினு போவுது" என்றார். இதைத் தம்பியிடம் சொல்ல வேண்டாம்.

அடுத்து நான் செல்போனில் ஒரு முறையைப் பார்த்தேன். ஓட்டை போட்ட பைப்பை மண்ணுக்குள் புதைத்து, மேலே ஜல்லி கொட்ட வேண்டும். மண் அடைக்காமல் இருக்க பைப்பில் ஒரு துணி சுற்ற வேண்டுமாம். அந்தத் துணி கள்ளக்குறிச்சியில் எந்தக் கடையிலும் இல்லை. தங்கமணி பழைய சேலை தருகிறேன் என்று, நான் எடுத்துக்கொடுத்த சேலைகளாகப் பார்த்துக் கொண்டுவந்து கொடுத்தாள். இரண்டு மழைக்குத்தான் தாங்கியது. களிமண் அடைத்து, தண்ணீர் பழையபடி வாசலுக்கு வந்துவிட்டது.

மூன்றாவதாக அய்யனார் சொன்னபடி செய்தோம். இதை முதலிலேயே செய்திருக்கலாம் என்று தங்கமணி தினம் இரண்டு முறை சொல்கிறாள். வீட்டுக்கு மேற்கே, மலைப்பக்கம் இருபதடி தள்ளிக் குறுக்கே ஒரு வாய்க்கால் வெட்டி, தண்ணீர் வீட்டை நெருங்கும் முன்பே மறித்துவிட்டோம். டியூபில் தண்ணீர் விட்டு மட்டம் பார்த்து, பத்தடிக்கு ஓர் அங்குலம் சரிவு கொடுத்து, தெற்கே சுற்றி மரவள்ளிக் கொல்லையில் கொண்டுபோய் விட்டோம். மொட்டைமாடிப் பைப்பும் அதிலேயே சேர்கிறது. போன வாரம் கொட்டிய மழையில் வாசலில் கோலம்கூட அழியாமல்... அது பொய், கோலம் அழிந்துவிட்டது. ஆனால் தண்ணீர் நிற்கவில்லை. கொசு இல்லை. சத்தியம்.

இதை அப்படியே மாப்பிள்ளையிடம் பெருமையாகச் சொன்னேன். அவர், "மாமா, அம்மாவுக்குக் காவா ஒரு பிரச்சனையே இல்லைங்க. வுழுந்தப்ப நீங்க சிரிச்சிட்டீங்களாம்" என்றார்.

சம்பந்தியம்மா, நான் இரண்டு மாதமாகத் தோண்டியிருக்கிறேன். முதுகு நிமிரவில்லை. தாங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

ஆமாம், சிரித்தேன். தும்மல் என்று அன்று சமாளித்ததும் பொய். தாங்கள் விழும்போதுகூட கையிலிருந்த வளைகாப்பு வளையல் தட்டைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்து, ஒரு வளையலும் உடையாமல் உட்கார்ந்தீர்கள். பயத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். தாலி கட்டும்போதும் சிரித்துவிட்டேன். மாமனார் ஒரு வருஷம் முகம் கொடுத்துப் பேசவில்லை. என் சுபாவம் எதுவாக இருந்தாலும், வீடு தேடி வந்தவர் விழும்போது கை கொடுக்காமல் சிரித்தது தப்பு. ஊர் கேட்க என்னைத் திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

நேற்று கோகிலா அவள் அம்மாவிடம் போனில் பேசினாள். வலி வந்தால் எப்படித் தெரியும், ரொம்ப வலிக்குமா என்று கேட்டாளாம். தங்கமணி சிரித்துக்கொண்டே பதில் சொல்லிவிட்டு, போனை வைத்ததும் உட்கார்ந்து அழுதாள். தலைப்பிரசவம். மகள் பயப்படுகிறாள். அவள் பக்கத்தில் அவள் அம்மா இருக்க வேண்டும். வேறொன்றும் கேட்கவில்லை.

தாங்களும் கூடவே வந்து பிள்ளை பிறக்கும்வரை தங்குங்கள். என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காவிட்டால் நான் மோட்டார் கொட்டகையில் படுத்துக்கொள்கிறேன். அங்கிருந்து சிரித்தால் வீட்டுக்குக் கேட்கவில்லை, தங்கமணியை நிற்கவைத்துப் பார்த்துவிட்டேன். பிள்ளை பிறந்ததும், இரண்டு உயிரும் நலம் என்று யாராவது வந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் மருமகளின் அப்பா,
காசிநாதன்