நெற்றிக்கு எட்டிய கை

அன்புள்ள அம்மாவுக்கு, கீர்த்தி வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். உங்களுக்கும் அப்பாவுக்கும் உடம்பு எப்படி இருக்கிறது?

மந்தைவெளியில் நான் வேலை பார்க்கும் பிசியோதெரபி கிளினிக்குக்கு, சாந்தோமில் மீன் விற்கும் தேசம்மா என்பவர் வலது தோள் வலிக்காக வந்துகொண்டிருந்தார். நான்காம் நாள் வரவில்லை. போன் செய்தேன்.

“இன்னாத்துக்கு வரணும்? கையத் தூக்கு, எறக்குன்றே. எனக்கு இன்னா வேணும்னு ஒரு வார்த்த கேட்டியா?” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. அப்போதே கேட்டேன்.

“சிலுவ போட்டுக்க நெத்திக்குக் கை வர்ல, கண்ணு. கோயில்ல இடது கையால போட்டுக்கினு கீறேன். வெக்கமா கீது” என்றார்.

மறுநாளிலிருந்து அந்த அசைவையே பயிற்சியாக்கினேன். எப்போது வலிக்கும், ஏன் வலிக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் கையைத் தொட்டேன். மூன்றாவது வாரம் அவர் விரல்கள் நெற்றியைத் தொட்டுவிட்டன. அவர் சத்தமாக “ஆமென்” என்றதில் பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்!

கூடையைத் தலைக்குத் தூக்க இன்னும் முடியவில்லை. ஆனாலும் கிளினிக்கில் கருத்துக் கேட்டபோது, “எனக்குத் திருப்திதான். அந்தப் பொண்ணு காது குடுத்துக் கேக்குது” என்று சொல்லியிருக்கிறார்.

அம்மா, பருப்புப்பொடி தீர்ந்துவிட்டது. அனுப்பும்போது உங்கள் பழைய நூல் சேலை ஒன்றையும் வையுங்கள், போர்த்திக்கொள்ள. துவைக்க வேண்டாம். கட்டி அவிழ்த்ததை அப்படியே மடித்து அனுப்புங்கள்.

கிளினிக்கில் அடுத்த நோயாளி வந்து காத்திருக்கிறார். நிறுத்துகிறேன்.

உங்கள் கீர்த்தி