பாதியில் நின்ற கை

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? நான் நேரத்துக்குச் சாப்பிடுகிறேன் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

நேற்று கிடாருக்கு ஆம்ப்ளிஃபையர் வாங்கப் போனேன். மெட்டல் இசை வாசிக்க, கரகரப்பைக் கூட்டும் ‘கெயின்’ குமிழை ஏற்றினால் எல்லா ஆம்ப்ளிஃபையரும் உறுமும். கம்பியை உள்ளங்கையால் அமுக்கியதும் சட்டென்று அடங்குவதுதான் நல்லது. கடைக்காரர், “சத்தமா வெச்சாதாம்மா தெரியும், கூட்டுங்க” என்றார். சத்தக் குமிழைத் திருப்பிய கை பாதிக்கு மேல் போகவில்லை. கதவைத் திரும்பிப் பார்த்தேன்.

“யாராச்சும் வரணுமா?”

“அப்பா வந்துடுவார்” என்றேன். இருவரும் சிரித்துவிட்டோம். அப்புறம் முழுக்கக் கூட்டினேன். யாரும் வரவில்லை.

அடங்குகிற ஒன்றையே வாங்கிவிட்டேன். கிடாரைத் தோளில் மாட்டும் என் பழைய வார் பீரோ மேல் இருக்கும், அனுப்புங்கள். வேலைக்கு நேரமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை போனில் வாசித்துக் காட்டுகிறேன். நடுவில் ஒரே ஒரு தடவை, “அந்தக் கருமத்தைக் குறைடி!” என்று கத்துங்கள், அப்பா.

உங்கள் மகள்