இலையில் வைக்காத பீடி

மாமா,

இன்று காலை இட்லி ஊற்றிக்கொண்டிருந்தபோது போன் ஆங்கிலத்தில் கேட்டது, புகைக்க வேண்டும் போலிருக்கிறதா என்று. மாவுக் கையோடு எட்டிப் பார்த்தேன். நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. அதற்கு இன்னும் தெரியாது. அதைப் பொறுத்தவரை பீடி குடிப்பதே நான்தான். உங்களிடம் இருந்தது பட்டன் போன். அதனால் பீடியை விட உதவும் அந்தச் செயலியை என் போனில், என் பெயரில் போட்டோம். அதைப் பார்த்துவிட்டு உங்கள் மகன், நீ எப்போதிருந்து குடிக்கிறாய் என்று என்னைக் கேட்டதும், நீங்கள் துண்டால் வாயை மூடிக்கொண்டு சிரித்ததும் நினைவுக்கு வந்தன.

அப்போது உங்கள் வலது கால் விரல்கள் கறுத்துப் போயிருந்தன. பீடியால் ரத்தக்குழாய் அடைத்திருக்கிறது, விடாவிட்டால் காலையே எடுக்க வேண்டிவரும் என்றார் மதுரை டாக்டர். அங்கிருந்த நர்ஸ்தான் செயலியை ஏற்றிக்கொடுத்தார். காரியாபட்டிக்குப் பஸ்ஸில் திரும்பினோம். இறங்கியதும் நேரே பெட்டிக்கடைக்குப் போய் ஒரு கட்டு பீடி வாங்கினீர்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அதைப் பிடுங்கி எறிந்திருப்பேன். அத்தை உயிரோடு இருந்திருந்தால் எறிந்திருப்பார். மருமகள் மாமனாரிடம் அப்படிச் செய்ய முடியுமா? பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன்.

அன்று சாயங்காலம்தான் ஒரு வழி தோன்றியது. "போனு சொல்லுது மாமா" என்று ஆரம்பித்தேன். தண்ணீர் குடிக்கச் சொல்கிறது, கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்க்கச் சொல்கிறது என்றேன். இவையெல்லாம் அது நிஜமாகவே சொன்னவை. பூங்காவில் நடக்கச் சொன்னதை நான் கண்மாய்க்கரை என்று மாற்றினேன். சூயிங்கம் என்றதை வறுத்த கடலை ஆக்கினேன். போகப்போக எனக்குத் துணிச்சல் கூடிவிட்டது. காய்ந்த பருத்திச்செடிகளை அடுக்கிவைத்த பருத்திமார் படப்புக்குப் பின்னால் நீங்கள் ஒளிந்து குடித்த அன்று, போனுக்குத் தெரிந்துவிட்டது என்று சொன்னேன். அதற்கு மூக்கும் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே மடியில் இருந்த கட்டை எடுத்து என் முன்னால் வைத்தீர்கள்.

அதற்குப் பிறகும் பீடி உங்களை லேசில் விடவில்லை. ஆடு கத்தினால்கூட எரிந்து விழுந்தீர்கள். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டுப் போய், பசி தாங்காமல் திரும்பி வந்து உட்கார்ந்தீர்கள். ஒன்றே ஒன்று என்று கெஞ்சினீர்கள். நானும் இளகவில்லை, போனும் இளகவில்லை.

மறுபடி மதுரைக்குப் போனபோது, ஒரு விரலோடு போயிற்று, கால் தப்பித்தது என்றார் டாக்டர். திரும்பி வருகையில் பஸ்ஸில் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னீர்கள்:

"ஏத்தா, கம்மாக்கரையும் பருத்திமாரும் போனுக்கு எப்படித் தெரியும்? எல்லாம் நீ சொல்றதுதான்னு எனக்கு அப்பவே தெரியும். நீ நேரா சொல்லியிருந்தா வீம்புக்கு ரெண்டு கூடக் குடிச்சிருப்பேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. முந்தானையை வாயில் வைத்து அடக்கிக்கொண்டேன்.

அடுத்த தையில் மாரடைப்பில் போய்விட்டீர்கள். அன்று காலையிலும் உளுந்தங்காடு வரை உங்கள் இரண்டு காலால் நடந்து போய், நடந்தே திரும்பி வந்து படுத்தீர்கள். துக்கம் கேட்கத் துஷ்டிக்கு வந்தவர்கள், பீடியை விட்டும் என்ன ஆயிற்று என்று பேசிக்கொண்டார்கள். நீங்கள் பட்ட பாட்டுக்கு இவ்வளவுதானா மரியாதை என்று எனக்கு உள்ளே கொதித்தது.

கருமாதியன்று உங்கள் அண்ணன், பெரிய மாமா, படையல் இலையில் உங்களுக்குப் பிடித்ததையெல்லாம் எடுத்து வைத்தார். வடை, சுழியம், கருப்பட்டிக் காபி. கடைசியாக ஒரு கட்டு பீடியும் தீப்பெட்டியும். பங்காளிகள் எல்லோரும் நின்றார்கள். உங்கள் மகன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். போன் சொல்கிறது என்று அங்கே சொல்ல முடியாது. நானே குனிந்து அந்தக் கட்டை எடுத்தேன்.

"அவுக இதை விட்டுட்டாக பெரிய மாமா. செத்துட்டாகன்னு திரும்பக் குடுக்காதீக."

பொம்பளைக்கு இவ்வளவு வாயா என்று யாரோ சொன்னார்கள். பெரிய மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியேறினார். இன்றுவரை என்னோடு பேச்சில்லை.

இப்போது வருஷத் திதி வருகிறது. இந்தத் தடவை பீடி வைத்தே தீருவேன், என் தம்பி ஆசைப்பட்டதை மருமகள் தடுப்பதா என்று அவர் உங்கள் மகனிடம் சொல்லியனுப்பியிருக்கிறார். ஒருநாள்தானே, விட்டுக்கொடுத்துவிடேன் என்கிறார் உங்கள் மகன். இப்படித்தானே ஒன்றே ஒன்று என்று நீங்களும் கேட்டீர்கள். உயிரோடு இருந்த உங்களுக்கே கொடுக்காதவள் நான்.

பெரிய மாமா வரட்டும். வாங்க என்று கூப்பிட்டு உட்காரவைத்து, வயிறாரச் சோறு போடுவேன். படையல் முடியும்வரை இலைப் பக்கத்தைவிட்டு நகரமாட்டேன். நான் இருக்கிறவரைக்கும் நீங்கள் பீடியை விட்டவர்தான், மாமா.