காடுவெட்டி வீட்டு வாரிசு

12-4-87, ஞாயிறு
நீண்ட ஆலோசனைக்குப் பின் இன்று முடிவெடுத்தேன்: குடும்ப வரலாற்றுக் கோப்புக்குப் பச்சை நாடா. சிவப்பும் பரிசீலிக்கப்பட்டது.

அடுத்த மாதம் மூத்தவள் பத்மாவுக்கு வேலூரில் கல்யாணம். சம்பந்தி வீட்டார் ஏழு தலைமுறையை ஒப்பிக்கிறார்கள். எங்களுக்குக் கொள்ளுத்தாத்தாவுக்கு மேல் ஆளில்லை. சேக்காட்டில் காடு திருத்தி முதலில் குடியேறியவர் அவர் என்பார் அப்பா. பிறகு ஏன் ஆரணிக்கு ஓடினார்? அதை மட்டும் சொன்னதில்லை.

19-4-87
சேக்காடு போனேன். ஆவடியில் நாங்கள் இருக்கும் குவார்ட்டர்ஸிலிருந்து சைக்கிள் தூரம். இருபது வருடமாகப் போகத் தோன்றவில்லை. ஏரி வறண்டு கிடக்கிறது. வாசல்தோறும் வேப்பிலை, பிள்ளைகளுக்கு அம்மை.

அம்மன் கோயில் தர்மகர்த்தா வேலுசாமியிடம், "எங்களைக் காடுவெட்டி வீட்டார் என்பார்கள்" என்றேன். உட்கார்ந்திருந்த எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

"இன்னா நைனா, இத்தினி நாளு எங்க பூட்ட? உங்க வூட்டு ஆளு இல்லாம திருவிழாவே நின்னு பூட்ச்சே!"

ஆராய்ச்சிக்கு இவ்வளவு மரியாதையை நான் எதிர்பார்க்கவில்லை.

26-4-87
பஞ்சவர்ணம்: "உயிரோட கீறவளுக்குப் புடவை எடுக்கல. நீங்க செத்தவங்களத் தேடிக்கினு கீறீங்க."
மனைவிமார்களுக்கு வரலாற்றுணர்வு குறைவு.

10-5-87
சேக்காட்டில் திருவிழா தொடக்கம். எனக்கு மேளம், மாலை, பரிவட்டம். பிறகு வலது கையைக் கேட்டார்கள். அதுவும் மரியாதை என்று நீட்டினேன். மஞ்சள் காப்பு.

கட்டி முடித்துவிட்டு விதியைச் சொன்னார்கள்: முதல் குடியின் வாரிசு, காப்பு அவிழும்வரை ஊர் எல்லை தாண்டக் கூடாது. அவிழ்ப்பது பதினேழாம் தேதி. கல்யாணம் பதினைந்து.

கல்யாணத் தேதியைச் சொன்னேன். மேளம் நின்றது.

"உங்க கொள்ளுத்தாத்தாவும் காப்போட தாண்டினவருதான்" என்றார் வேலுசாமி, மிகவும் அன்பாக. "பூந்தமல்லி போறதுக்குள்ள மூத்த பொண்ணு அம்மையில பூட்ச்சு. அம்மா தாண்டினவனக் கேக்க மாட்டா நைனா, அவன் மூத்ததத்தான் கேப்பா."

கோப்பில் விடுபட்டிருந்த இடம் நிரம்பியது.

குவார்ட்டர்ஸ் எல்லைக்கு வெளியே. கோயிலில் பாய் கொடுத்தார்கள்.

12-5-87
பஞ்சவர்ணம் கோயில் வாசலில் நின்று கத்தினாள். "அவுத்துப் போட்டுட்டு வாங்க! பெத்த அப்பன் குத்துக்கல்லாட்டம் இருக்கச்சொல்ல இன்னொருத்தன் தாரை வாக்கணுமா?"

பெண்கள் வேப்பிலையோடு வெளியே வந்து பார்த்தார்கள்.

14-5-87
நான் இதையெல்லாம் நம்புகிறவனில்லை. பகுத்தறிவு மாநாடுகளில் முன்வரிசை. முடிச்சும் சாதாரண முடிச்சுதான், இடது கையால் அவிழ்க்கலாம். கடைசி பஸ் இன்னும் போகவில்லை. விரலை வைத்தேன் — எடுத்துட்டேன். பத்மா மூத்தவளாச்சே. இன்னாடா பண்றே நீ?

17-5-87
காப்பு அவிழ்த்தார்கள். வெள்ளிக்கிழமை பத்மாவைத் தாரை வார்த்துக் கொடுத்தவர் என் மைத்துனர் கஜபதி.