தண்ணீர் வார்த்தும் காயாத கொப்புளங்கள்

என்ர அக்கா,

நீ போன பிறகும் வாசல் நிலையில் கட்டிய வேப்பிலையை அம்மா கழற்றவில்லை. வெள்ளவத்தைக் கடற்காற்றில் அது காய்ந்து வீடெல்லாம் உதிர்ந்தது. நான்தான் கூட்டினேன்.

மார்பில் ஒபரேஷன் செய்த தழும்பைச் சுற்றிச் சிவப்பாய்க் கொப்புளங்கள் வந்தபோது, "அம்மாள் வந்திருக்கிறா" என்று அம்மா கும்பிட்டார். வீட்டில் மீன் சமைப்பது நின்றது, ஆட்கள் வருவதும் நின்றது. டிஸ்பென்சரி டொக்டர் உன் கழுத்தடியில் இருந்ததை மட்டும் பார்த்துவிட்டுக் கொப்புளிப்பான், அம்மைதான் என்றார். தழும்பைக் காட்டச் சொல்ல அவருக்கும் கூச்சம், காட்ட உனக்கும் கூச்சம்.

"உனக்குச் சின்னனிலயே வந்து போனதல்லோ?" என்று கேட்டேன்.

"திரும்ப வரக்கூடாதெண்டு அம்மாளுக்குச் சட்டம் போடுறியோ? போய் உன்ர லிஃப்டுகளைத் திருத்து" என்று என்னோடு சண்டை பிடித்தாய்.

வேப்பிலைத் தண்ணீர் வார்த்தார்கள். கொப்புளிப்பான் என்றால் அதற்குள் காய்ந்திருக்க வேண்டும். உன்னுடையவை கல்லுப்போல இறுகி முதுகுக்கும் போயின. மறுபடியும் வார்த்தார்கள். லிஃப்ட் திருத்தும் என் வேலையில், நிறுத்தி மீண்டும் போட்டும் அதே கோளாறு வந்தால், கோளாறு நாங்கள் நினைத்த இடத்தில் இல்லை. ஆஸ்பத்திரியில் ஒரு துண்டு வெட்டிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, மார்பில் வெட்டியெடுத்த பழைய புற்றுநோய் தோலுக்கு வந்திருக்கிறதென்று.

இப்போது அம்மாவிடம் ஒரே கேள்விதான். "நான் வேப்பிலை கட்டாமல் விட்டிருந்தா பிள்ளை இருந்திருப்பாளோடா?"

புற்றுநோய் டொக்டரிடம் கேட்டேன். உயிர் தப்பியிருக்கும் என்று சொல்லமாட்டாராம். முன்னமே காட்டியிருந்தால் கொஞ்சக் காலம் கூடக் கிடைத்திருக்கலாமாம். இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது? நீயென்றால் சொல்லியிருப்பாயா?

போன கிழமை மேல்மாடி மாமி வேப்பிலை கேட்டு வந்தார். அவரும் உன்னைப்போல ஒபரேஷன் செய்தவர். தழும்படியில் சிவந்திருக்கிறது.

அம்மா கொடுக்கவில்லை. "முதல்ல தழும்பைத் திறந்து டொக்டருக்குக் காட்டும். அம்மாள் கோவிக்க மாட்டா, காத்திருப்பா." தானே ஓட்டோ பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். சோதனை முடிவு இன்னும் வரவில்லை.

திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போது அதே கேள்வியைக் கேட்டார். புற்றுநோய் டொக்டர் சொன்ன இரண்டையும் சொல்லிவிட்டேன். அம்மா கதிரையில் இருந்தார்.

"கொஞ்சக் காலமெண்டா, பொங்கல் வரைக்குமோ?"

தெரியாது என்றேன்.

நாளைக்கும் கேட்பார். நான் பொறுமை இல்லாதவன், உனக்குத் தெரியும். ஆனால் அக்கா, எத்தனை தரம் கேட்டாலும் எழும்பிப் போகமாட்டேன். பக்கத்தில் இருந்து, உள்ளதைத்தான் சொல்லுவேன்.

உன்னோடு சண்டை பிடித்து முடியாத
தம்பி