பட்டிச் சுவரோரத்துச் சிரிப்பு

அன்பு மகள் லினேயோவுக்கு, அப்பா சொல்லச் சொல்லத் தெபெல்லோ டீச்சர் எழுதியது. அரசர் மலைப்பாதையில் காரோடு விழுந்து இறந்த வருஷம், அப்புறம் வந்த குளிர்காலத்தில் பனி இடுப்பளவு விழுந்து நம் ஆடுகள் நின்றபடியே விறைத்துச் செத்த வருஷம், அந்த வருஷத்துச் சங்கதி ஒன்றை உனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்கு முன்னால், பிரிட்டோரியாவில் உன் இருமல் விட்டிருக்கும், வேலை செய்யும் வீட்டில் உன்னை மரியாதையாக நடத்துவார்கள் என்று நம்புகிறேன். இங்கே செம்மறை மாடு கிடேரிக் கன்று போட்டிருக்கிறது, உன் அண்ணி மாபோகாங்குக்குப் பல்வலி தேவலை, நானும் சாப்பிடுகிறேன், படுக்கிறேன், ஆனால் நலமாயிருக்கிறேன் என்று சொல்லிக்கொள்ள வாய் கூசுகிறது.

அமெரிக்காவிலிருந்து சேவை செய்ய வந்தவர்களுக்கு நம் ஊரில் பயிற்சி நடக்கிறது என்று போனில் சொன்னேன் அல்லவா, நம் வீட்டுக்கு ஒரு புருஷன் பெண்சாதியைக் கொடுத்தார்கள். இளசுகள் இல்லை, பேரன் எடுத்தவர்கள். அவர் அங்கே வீடு வீடாகத் தபால் கொடுத்தவர். அவர்கள் சொந்தப் பெயர் என் நாக்கில் நிற்கவில்லை, அதனால் வழக்கப்படி நாமே பெயர் வைத்தோம், அவருக்குத் தங்கீசோ, அந்த அம்மாவுக்கு ரேதாபிலே. உன் அறையைத்தான் கொடுத்தேன், கோபித்துக்கொள்ளாதே. வந்த புதிதில் அந்த அம்மா ஒரே பேசின் தண்ணீரில் முதலில் காலைக் கழுவிவிட்டு அப்புறம் முகத்தைக் கழுவப் போக, உன் அண்ணி கையைப் பிடித்துக்கொண்டு, ஐயோ அக்கா, மேலேருந்து கீழே வாங்க, கீழேருந்து மேலே போகாதீங்க என்று கத்தினாள். தங்கீசோ, எதிரே வருகிற ஒருவரையும் விடாமல் வணக்கம் சொல்லி, எழுந்தீர்களா, நன்றாக எழுந்தீர்களா என்று கேட்டுக் கேட்டுப் போவதற்குள் வகுப்பு முடிந்துவிடும். கழுதைக்கும் ஒரு வணக்கம் வைத்தார் என்று ஊரே சிரித்தது, அவரும் கூடச் சிரித்தார். களியைக் கையால் உருட்டக் கற்றுக்கொண்டார்கள், ராத்திரி ஒன்றுக்குப் போகிற வாளியைக் காலையில் யார் கண்ணிலும் படாமல் கொட்டக் கற்றுக்கொண்டார்கள், என்னை அப்பா என்றார்கள். எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறிவிட்டது.

அந்த ஆள் தினமும் பெண்சாதியோடு ஊற்றுக்குப் போய் அவளுடைய வாளியையும் சேர்த்துத் தூக்கி வந்தார். ஆம்பளை வாளி தூக்கி நான் ஒரே ஒரு தரம்தான் பார்த்திருக்கிறேன், அதுதான் அந்தப் பனி வருஷம். நம் பின்வீட்டுச் செலோவின் பெண்சாதிக்கு மார்ச்சளி கண்டு, அவன் வாளியோடு ஊற்றுக்குப் போனான். பட்டிச் சுவரோரம் வெயில் காய்ந்துகொண்டிருந்த நாங்கள் விடவில்லை. பிட்சோ, ஏண்டா செலோ, உனக்கு இது எத்தனாவது மாசம் என்றான். கௌதா, சும்மாடு வச்சுக்கோடி கண்ணு, தலை வலிக்கும் என்றான். ஊர்த்தலைவர் மகாவோலா போர்வையில் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். நான் குலவையே போட்டேன். செலோ தலையைக் குனிந்துகொண்டு போனான். மறுநாள் காய்ச்சலோடு அவளே வாளியைத் தூக்கினாள், பனி உருகுமுன் போய்ச் சேர்ந்தாள். உனக்கு அப்போது பால்பல் விழுகிற வயசு, அவள் சாவுக்குப் போனது நினைவிருக்கலாம்.

தங்கீசோ வாளியோடு சுவரைத் தாண்டும்போதெல்லாம் அந்தச் சிரிப்பு என் காதில் கேட்டது, என் வீட்டு ஆம்பளையைப் பார்த்து, என்னைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி. கடைசியில் அவர்கள் பாஷை தெரிந்த டீச்சரை வைத்துச் சொன்னேன், என் வீட்டுல ஆம்பளை வாளி தூக்கறதில்ல, அது பொம்பளை வேலை, எனக்கு அவமானமா இருக்கு என்று. வீட்டுப் பெரியவர் சொல்வதுதான் வழக்கம், அதன்படி நட என்று அவர்களுக்குப் பயிற்சியில் சொல்லியிருக்கிறார்கள். அந்த ஆள் பெண்சாதியைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றினார், நம் பாஷையில் தட்டுத்தடுமாறி, அப்பா சொன்னா சரி என்றார். மறுநாள் விடியலில் ஊற்றுப் பாறை பூராவும் கண்ணாடியாக உறைந்திருந்தது. ரேதாபிலே தனியாகப் போய் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டாள். போர்வையில் கிடத்தித் தூக்கி வந்தோம், அவள் கத்தவில்லை, வாளி உடைஞ்சிருச்சு மன்னிச்சுக்குங்க என்று உன் அண்ணியிடம் சொன்னாள்.

பயிற்சி நடத்துகிறவர்கள் வந்து எப்படி ஆயிற்று என்று கேட்டார்கள். வழுக்கிவிட்டது என்று மட்டும் சொன்னேன். தினமும் கூடப் போவீர்களே, அன்றைக்கு ஏன் போகவில்லை என்று தங்கீசோவைக் கேட்டார்கள். அவர் என்னைப் பார்க்கவே இல்லை, அசந்து தூங்கிட்டேன், என் தப்புதான் என்றார். லினேயோ, யாராவது என்னைக் கம்பால் அடித்திருந்தால் தாங்கியிருப்பேன். அன்று என் வார்த்தையை அவர்களுக்குச் சொன்ன டீச்சரும் பேசாமல் நின்றாள், இப்போது எழுதிக்கொண்டே மூக்கை உறிஞ்சுகிறாள். அவர்கள் இருவரையும் உன் ஊர் ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோயிருக்கிறார்கள். பயிற்சி முடிந்து வேலைக்கு உறுதிமொழி எடுக்கிற நாளுக்குள் அவள் எழுந்து நடக்காவிட்டால் இருவரையும் அவர்கள் நாட்டுக்கே அனுப்பிவிடுவார்களாம். வந்த காரியம் என் ஒரு வார்த்தையால் கெடப் போகிறது.

அதனால் நீ போய் அவர்களைப் பார்க்க வேண்டும். நடந்ததை நான் சொன்னபடியே சொல், எனக்காக ஒன்றையும் மெழுகாதே. ஆஸ்பத்திரிக்கு வருகிற அதிகாரிகளிடமும் சொல், அந்த ஆள் தூங்கவில்லை, நான்தான் தடுத்தேன் என்று. இங்கே பயிற்சி நடத்துகிறவர்களிடம் நானும் டீச்சரோடு நாளைக்குப் போய்ச் சொல்லப் போகிறேன். அறை பூட்டியபடி இருக்கிறது, அவள் எழுந்தால் வரட்டும், வேறு வீட்டுக்குப் போனாலும் சரி, திரும்பிப் போகாமல் இருந்தால் போதும் என்று சொல். இத்தோடு வருகிற பொட்டலத்தில் உலர்த்திய பீச் பழம் இருக்கிறது, பாதி உனக்கு, பாதி ரேதாபிலேவுக்கு.

நேற்று நானே வாளி எடுத்துக்கொண்டு ஊற்றுக்குப் போனேன். பெண்கள் விலகி வழிவிட்டார்கள். ஒருத்தி, தாத்தா, வழி தப்பிட்டீங்களா, பட்டி அந்தப் பக்கம் என்றாள். தப்பித்தான் போயிருந்தேன், இப்பத்தான் வர்றேன் என்றேன். அவள் சிரித்துக்கொண்டே பாதி வாளிதான் நிரப்பிக் கொடுத்தாள். திரும்பும்போது பட்டிச் சுவர் வந்தது, தலையைக் குனிந்துகொண்டு சிரிப்புக்குக் காத்தபடி நடந்தேன். சுவரோரம் வெயில் மட்டும்தான் இருந்தது.

நம் முன்னோர் உன்னை விட்டு விலகாமல் இருக்கட்டும், உன் கால் வைக்கிற இடம் உறுதியாக இருக்கட்டும். குளிருக்குப் போர்வையைப் போர்த்திக்கொண்டு போ, ஆஸ்பத்திரிக்குப் போக மறந்துவிடாதே. நான் யாருக்குப் பயந்தேன் என்று ராத்திரியெல்லாம் எண்ணிப் பார்த்தேன். பிட்சோ சுரங்க வேலையிலேயே செத்தான், கௌதா காசத்தில் போனான், தலைவர் மகாவோலாவைப் போன அறுவடையில் புதைத்தோம், செலோவும் கீழ்நாட்டில் எங்கோ மண்ணுக்குள் இருக்கிறான். அன்று அந்தச் சுவரோரம் சிரித்தவர்களில் இன்னும் உயிரோடு இருக்கிற ஒரே ஒருவன், கைநாட்டு வைக்கும் உன் அப்பா,

மொஹாபி